முத்துவுக்கு இமை கிடையாது

வணக்கம் மக்களே. இன்னைக்கு முத்துவை படம் எடுக்கப் போறேன். கொஞ்சம் மெதுவாத்தான் பேசுவேன், பக்கத்துலயே இருக்கான். ரூம்ல எல்லா லைட்டும் ஆஃப். ஜன்னலுக்குப் போர்வை கட்டியிருக்கேன். முத்து எங்க வீட்டு ஆக்சலாட்டில். பாக்க மீன் மாதிரி இருந்தாலும் மீன் இல்ல, சாலமாண்டர் வகை. தலைப்பிரட்டை தவளையா மாறும்ல, இவன் அப்படி மாறவே மாட்டான். தலைக்கு ரெண்டு பக்கமும் மும்மூணு செவுள் இறகு மாதிரி விரிஞ்சிருக்கே, ஆயுசுக்கும் அதோடதான் தண்ணிக்குள்ள இருப்பான். பூர்வீகம் மெக்சிகோ நாட்டுத் தலைநகர் மெக்சிகோ சிட்டியோட தெக்குப் பக்கம் இருக்குற சோச்சிமில்கோ ஏரி. அங்க இயற்கையில அழியுற நிலைமையில இருக்கு. அந்த நாட்டு 50 பெசோ நோட்டுல இவன் இனத்தோட படம் போட்டிருக்காங்க.

சரி, கேமராவுக்கு வரேன். முதல்ல ஒண்ணு, தயவுசெஞ்சு ஃப்ளாஷ் போடாதீங்க. இவனுக்குக் கண் இமையே கிடையாது. நமக்கு வெளிச்சம் அடிச்சா கண்ண மூடிக்குவோம், இவன் எதை மூடுவான்? வாங்கின புதுசுல தெரியாம ஒரு தடவை ஃப்ளாஷ் போட்டுட்டேன். விருட்டுனு போய் கண்ணாடியில முட்டி, பானைக்குள்ள பூந்துட்டான். ராத்திரி வரைக்கும் வெளிய வரல. எனக்குச் சோறு இறங்கல அன்னைக்கு.

இப்ப ஒரே ஒரு சின்ன எல்இடி, அதுவும் மேல இருந்து, முன்னாடி ட்ரேசிங் பேப்பர் ஒட்டி. டேங்குக்குப் பின்னாடி கருப்புச் சார்ட். லென்ஸ கண்ணாடியோட ஒட்டி, நேரா வைக்கணும். சாய்ச்சா படம் இழுத்த மாதிரி மங்கிடும். லென்ஸைச் சுத்தி ஒரு கருப்புத் துணி, நம்ம மூஞ்சி கண்ணாடியில தெரியாம இருக்க. ஷட்டர் வேகம் 1/125 வினாடி, லென்ஸ் திறப்பு எஃப் 5.6, வெளிச்சம் கம்மிங்கறதால ஐஎஸ்ஓ (கேமராவோட ஒளி உணர்திறன்) 3200 வரைக்கும் போறேன். படத்துல கொஞ்சம் புள்ளி தட்டும், பரவால்ல. இன்னொன்னு, இவன் வெள்ளை, பின்னாடி கருப்பு. கேமரா தானா விட்டா இருட்டுன்னு நெனச்சு வெளிச்சத்த ஏத்திரும், உடம்பு சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெளுத்துரும். அதனால எக்ஸ்போஷர், அதாவது படத்தோட வெளிச்ச அளவு, மைனஸ் ஒண்ணுன்னு குறைச்சு வைப்பேன். ஃபோகஸ் எப்பவும் கண்ணுல.

வெளிய எடுத்து கையில வச்சு படம் எடுக்குறவங்கள பாத்தா எனக்குக் கோவமே வருது. அந்தத் தோல் ரொம்ப மெல்லிசு, தண்ணிக்குன்னே இருக்குற தோல். செவுள் தண்ணியில விரிஞ்சாதான் அழகு, வெளிய எடுத்தா நனைஞ்ச நூல் மாதிரி ஒட்டிக்கும். அதுல என்ன படம் கிடைக்கும்?

இருங்க... வரான். பானையில இருந்து தலைய நீட்டுறான். இப்ப செவுளப் பாருங்க. பின்னாடி தளர்வா விழுந்திருக்கு, அப்ப நிம்மதியா இருக்கான். அதுவே முன்னாடி வளைஞ்சு, வால் நுனியும் சுருண்டிருந்தா பயந்திருக்கான்னு அர்த்தம். அன்னைக்கு நான் கேமராவையே தொட மாட்டேன்.

மூணு படம் எடுத்துட்டேன். நேரா நம்மளப் பாக்குறான், அந்த வாய் சிரிக்கிற மாதிரியே. எனக்கு இது போதும்.

டேங்கு தெர்மாமீட்டர் 17 டிகிரியில இருந்து 18-க்கு வந்துருச்சு, தண்ணி சூடேறுது. லைட்ட அணைச்சிர்றேன். அவனுக்கு ஒரு மண்புழு கொடுக்கணும்.