வெட்டிய மரத்தையே வெட்டிய அத்தை

நடுவர் அவர்களே, சுங்கை சிப்புட் பெருமக்களே, வணக்கம். பொருளைத் தருவது சொல்லா, சூழலா? சூழலே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் போகிற போக்கில் ஒரு குத்து விட்டார். "சூழல்தான் பொருள் தரும் என்றால், வீட்டிலுள்ள அகராதியை எல்லாம் புகைக் கொட்டகை அடுப்பில் போட்டு ரப்பர் சீட்டு காய வைக்கலாமே!" என்றார். நீங்களும் கை தட்டினீர்கள். ஐயா, அடுப்பை மூட்ட வேண்டாம். அந்த அகராதியையே கொண்டு வாருங்கள். அதில் 'வெட்டு' என்ற சொல்லைப் பிரித்து வையுங்கள். ஒரு கதை சொல்கிறேன்.

தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பிள்ளை, இங்கே மலேசியாவில் தோட்டத்திலிருந்த அத்தையைப் பார்க்க வந்தான். லயத்து வீட்டு, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு, வாசலில் உட்கார்ந்து கேட்டான்.

"அத்தே, என்ன வேலை பாக்குறீங்க?"

"மரம் வெட்டுறேம்பா."

பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்தான். "எத்தனை மரம்?"

"ஒரு நாளைக்கு 500."

வாசலுக்கு வெளியே எட்டிப் பார்த்தான். காடு அப்படியே நிற்கிறது. "நாளைக்கு?"

"நாளைக்கு அந்தப் பக்கம் 500."

"நாளான்னைக்கு?"

"இன்னைக்கு வெட்டின அதே 500-தான்."

"வெட்டின மரத்தையேவா?"

"இருபது வருசமா அதே மரத்தைத்தாம்பா வெட்டுறேன்!"

பாருங்கள், இங்கே சிரிக்காதவர் ஒருவர் இல்லை. ஏன் சிரித்தீர்கள்? அத்தை சொன்னதும் தமிழ், பிள்ளை கேட்டதும் தமிழ். அதே 'மரம்', அதே 'வெட்டு'. பிள்ளை காதில் கோடாரி விழுந்தது. அத்தை மனதில் உளி ஓடியது. எதிரணித் தலைவரே, உங்கள் அகராதி அந்த வாசலில் நடுவே கிடந்திருந்தால், இருவரில் யாரைப் பார்த்து 'நீ சொன்னது தப்பு' என்று சொல்லியிருக்கும்?

அத்தையின் 'வெட்டு' என்ன தெரியுமா? ரப்பர் மரத்தில் பால் இறங்கப் பட்டையைச் சீவுவது. விடியுமுன் போக வேண்டும். குளிர்ச்சியில் பால் நன்றாக ஓடும், வெயில் ஏற ஏறச் சுணங்கும். இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழாகச் சரிவாக உளியை இழுக்க வேண்டும். பட்டைக்குள் பால் குழாய்கள் எதிர்ப்பக்கமாகச் சற்றே சாய்ந்து ஏறுவதால், இந்தச் சரிவில்தான் குழாய்கள் அதிகம் அறுபடும். ஒரு தடவைக்குச் சீவுவது ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் பட்டை. ஆழம் போனாலும் பட்டைக்குள் இருக்கும் கட்டைக்கு ஒரு மில்லிமீட்டர் முன்பே நிறுத்த வேண்டும். மேலோடு சீவினால் மங்கில், அதாவது பால் ஏந்தும் கிண்ணத்தில், பால் விழாது. அழுத்தினால் காயம், பிறகு பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், அடுத்த சுற்றில் உளி அங்கே ஓடாது. வெட்டிவிட்டு ஒரு நாள் ஓய்வு. ஆக அத்தை வாயில் 'வெட்டு' என்றால், சாகவிடாமல் சீவுவது என்று பொருள். இது அச்சொல்லின் எழுத்திலா இருக்கிறது? தோட்டத்தில் இருக்கிறது.

சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. பெரும் உழைப்பு, கும்பிட வேண்டிய உழைப்பு. அதிலும் ஒரு சொல்லுக்கு எதிரே 1, 2, 3 என்று பொருள்களை அடுக்கித்தானே தந்திருக்கிறார்கள்? எந்த எண்ணை எடுப்பது என்று அகராதி சொல்லாது. பேச்சு நடக்கும் இடம் சொல்லும்.

"எல்லாச் சொல்லும் பொருள்குறித் தனவே" என்று தொல்காப்பியத்தைக் காட்டினார் எதிரணிச் சகோதரி. சரி, அதே சொல்லதிகாரத்தில் கிளவியாக்கம் என்ற இயலை ஏன் தாண்டிப் போனீர்கள், அம்மா? பலபொருள் ஒருசொல்லுக்கு அங்கே விதி இருக்கிறது: "வேறுபடு வினையினும் இனத்தினும் சார்பினும் தேறத் தோன்றும் பொருள்தெரி நிலையே." 'மா பூத்தது' என்றால் மரம். கவசம் பூண்டு நிற்பவன் 'மா கொண்டு வா' என்றால் குதிரை. அவன் உடம்பில் கிடக்கும் கவசம்தான் அங்கே அகராதி! வினை, இனம், சார்பு என்று தொல்காப்பியர் மூன்று பெயர் வைத்ததை நாங்கள் சூழல் என்கிறோம்.

சொல்லே இல்லாமலும் பொருள் வரும். அத்தைக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது, கைநாட்டுதான். ஆனால் மரத்தைத் தடவினால் படிப்பாள். "இங்கே ஆழமா விட்டுட்டான், அவசரக்காரன்", "இது நல்ல கை" என்பாள். பட்டை வழவழவென்று மூடியிருந்தால் ஒரு பொருள், முடிச்சு விழுந்திருந்தால் ஒரு பொருள். முன்னே வெட்டியவன் எழுதிவிட்டுப் போனதைப் பின்னே வந்தவள் விரலால் வாசித்தாள். எழுதப் படிக்கத் தெரியாதவள் என்று அவளை எப்படி ஐயா சொல்வது?

நடுவர் அவர்களே, ஒரு நிமிடம் கொடுங்கள், முடிக்கிறேன்.

மரங்களுக்கு வயதானது. பால் குறைந்தது. ரப்பரை எடுத்துவிட்டு, எண்ணெய் தரும் செம்பனை நட முடிவாயிற்று, இயந்திரம் வந்து இறங்கியது. அத்தை அதே லயத்து வாசலில் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்குத் தஞ்சாவூரிலிருந்து அந்தப் பிள்ளை போன் போட்டான். பின்னால் மரம் விழும் சத்தம் அவனுக்கும் கேட்டது.

"என்னத்தே சத்தம்? மரம் வெட்டுறாங்களா?"

அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை.

"வெட்டலப்பா," என்றாள். "சாய்க்கிறாங்க."