கொள்ளிடத்துப் பழைய பாலமும் காணாமல் போன மணலும்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் ஓய்வுபெற்ற பொறியாளர் ஐயா அவர்களே, மாமன்ற உறுப்பினர் அம்மா அவர்களே, உடல்நலம் சரியில்லாத நிலையிலும் முதல் வரிசையில் வந்து அமர்ந்திருக்கும் என் தமிழாசிரியர் அவர்களே, திருவரங்கத்துப் பெருமக்களே, வணக்கம்.

கைவிட்ட பாலத்தை ஏன் இடிக்க வேண்டும், எப்படி இடிப்பது, இடித்த இரும்பு என்னாகிறது என்று மூன்று செய்திகள் பேச வந்திருக்கிறேன்.

நம் கொள்ளிடம் இரும்புப் பாலம் 1928-இல் கட்டியது. 2016-இல் பக்கத்தில் புதுப் பாலம் வந்ததும் பழைய பாலத்தில் வண்டிப் போக்குவரத்தை நிறுத்தினார்கள். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் தூண்கள் சரிந்தன. மிச்சத்தை இடிக்கத் தொடங்கியது 2022-இல்! வேலை அப்படிப்பட்டது. பக்கத்திலேயே புதுப் பாலம் நிற்கும்போது வெடி வைக்க முடியுமா? ஆற்றில் தண்ணீர் ஓடினால் இயந்திரம் இறங்குமா? ஆழம் தெரியாமல் காலை விடாதே என்றார்கள் பெரியவர்கள்.

என் பெரியப்பா பாலத்தின் வடகரையில் இருக்கும் டோல்கேட்டில் சைக்கிள் கடை வைத்திருந்தார். தினமும் விடியற்காலையில் அந்தப் பாலத்தில் நடப்பார். ஒருநாள் என்னையும் கூட்டிப்போனார். மடியிலிருந்து ஒரு சணல் கயிற்றை எடுத்தார். நுனியில் கல், முழத்துக்கு ஒரு முடிச்சு. கைப்பிடிச் சுவருக்கு வெளியே, தூணை ஒட்டி இறக்கினார். “எண்ணுடா தம்பி” என்றார். எண்ணினேன். கல் மணலைத் தொட்டதும், முடிச்சில் சுற்றியிருந்த சிவப்பு நூலைக் காட்டினார். “நான் கடை போட்ட வருஷம் மணல் இங்க இருந்துச்சு. சின்னப் பிள்ளையில இந்தத் தூண் மேடையிலேர்ந்து மணல்ல குதிப்போம். இப்பக் குதிச்சா இடுப்பு ஒடியும். மணல் எங்கடா போச்சு?” சிவப்பு நூலுக்கும் என் விரலுக்கும் நடுவே ஆறு முடிச்சு இருந்தது, ஐயா! ஆறு முழம்!

மணல் லாரியில் போனது. தூணைச் சுற்றி இறுக்கிப் பிடித்திருக்க வேண்டிய மணலை அள்ளிவிட்டால், வெள்ளம் அடியைக் குடைகிறது, தூண் சாய்கிறது. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது மனிதனுக்கு மட்டுமா? பாலத்துக்கும் கால்தானே! அதே 2018 ஆகஸ்டில், காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் முக்கொம்பு மேலணையின் மதகுகள் உடைந்தன. 2024 ஆகஸ்டில், புதுப் பாலத்தைக் காக்கக் கட்டிய தடுப்புச் சுவரையே ஆறு கொண்டுபோனது. பழைய பாலத்தை அகற்றிவிட்டோம். அதைச் சாய்த்த பள்ளம் அப்படியே கிடக்கிறது, புதுப் பாலத்தின் காலடியில்!

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். இரும்பைப் பற்றிச் சொல்ல நேரமில்லை, பொறுத்தருள்க. கொள்ளிடத்தில் இனி மணல் குவாரியே கூடாது என்ற மனு வாசல் மேசையில் இருக்கிறது. பக்கத்தில் பெரியப்பாவின் கயிற்றையும் வைத்திருக்கிறேன். முடிச்சுகளை எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். வணக்கம்.