மாறுவேடம் போட்ட டவர்

நேயர்களுக்கு வணக்கம்.

வெள்ளவத்தையில் இருந்தோ கொட்டாஞ்சேனையில் இருந்தோ ஊருக்குப் போன் எடுப்பவர்களுக்கு இது பழகிப்போன விஷயம். அந்தப் பக்கம் எடுத்ததும் வருகிற முதல் பேச்சு, "கொஞ்சம் பொறு, வெளியில வாறன்." முற்றத்துக்கு வந்தால் குரல் தெளியும். அடுப்படிக்குத் திரும்பினால் அறுந்துவிடும். மழை பெய்தால் முற்றத்தில் நிற்கவும் வழியில்லை. கம்பனிகளின் வரைபடத்தில் அந்த ஊருக்குச் சிக்னல் இருப்பதாகத்தான் நிறம் தீட்டியிருக்கும். பொய் இல்லை, முற்றம் வரை இருக்கிறது, வீட்டுக்குள் இல்லை. இந்தக் குறையைத் தீர்க்க, குடியிருப்புக்குள்ளேயே ஒரு சிறிய டவரை, டவர் என்று கண்ணை உறுத்தாத உருவத்தில் கேட்டு வாங்குவது எப்படி? இன்றைய பேச்சு அதைப் பற்றித்தான்.

மனு எழுத முதல் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். சிக்னல் இல்லாதது வேறு, சிக்னல் இருந்தும் வேலை செய்யாதது வேறு. விடிய ஐந்து மணிக்கு வீடியோ ஓடுகிறது, இரவு எட்டு மணிக்குச் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்றால் அது நெரிசல். அங்கே புது டவர் தேவையில்லை; இருக்கிற டவரின் கொள்ளளவைக் கூட்டச் சொல்லிக் கேட்க வேண்டும். எந்த நேரத்திலும் அடுப்படியில் பேச முடியவில்லை என்றால்தான் அது கவரேஜ் பிரச்சினை.

போனில் தெரிகிற கோடுகளை நம்ப வேண்டாம். ஒவ்வொரு போன் கம்பனியும் தன் இஷ்டத்துக்குத்தான் கோடு போடுகிறது. அண்ட்ராய்ட் போனில் செட்டிங்ஸ், அபவுட் போன், சிம் ஸ்டேட்டஸ் என்று போனால் சிக்னல் அளவு டிபிஎம் என்ற எண்ணாக வரும். அதற்கு முன்னால் கழித்தல் குறி இருக்கும். இங்கேதான் பலர் தலைகீழாக விளங்கிக்கொள்கிறார்கள். கழித்தல் 85 நல்லது, கழித்தல் 110 மோசம். மறுபடி சொல்கிறேன்: எண் பெரிதாகப் பெரிதாகச் சிக்னல் மெலிகிறது. 4ஜி என்றால் 90 வரை கவலையில்லை, 105க்கு மேல் சுவருக்குள் தடுமாறும், 115ஐத் தாண்டினால் அழைப்பு அறும்.

ஒரு கொப்பி எடுங்கள். வீட்டுக்கு மூன்று இடம்: விறாந்தை, அடுப்படி, படுக்கை அறை. மூன்று இடத்திலும் ஒவ்வொரு கம்பனி சிம்முக்கும் எண்ணைக் குறியுங்கள். கூரை தகரமா, ஓடா, கொங்கிரீட்டா என்றும் எழுதுங்கள். தகரம் ரேடியோ அலையைத் திருப்பி அடிக்கும். லயன் வீடுகளில் வாசலில் கிடைப்பது உள்ளே கிடைக்காததற்குப் பாதிக் காரணம் அந்தக் கூரைதான். றப்பர் தோட்டம் பக்கத்தில் இருந்தால் மழை விட்ட கையோடு இன்னொரு முறை அளந்து பாருங்கள். ஈர இலை சிக்னலைக் கூடுதலாகக் குடிக்கும். இப்படி முப்பது நாற்பது வீட்டுக் கணக்கோடு, கிராம அலுவலர் பிரிவின் இலக்கத்தையும் போட்டு, கம்பனிக்கும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கும் அனுப்பும் மனுவை ஒதுக்கித் தள்ளுவது கஷ்டம். "எங்கள் ஊரில் சிக்னல் இல்லை" என்ற ஒற்றை வரி மனுவைத் தள்ளுவது மிகச் சுலபம்.

சரி, தூரத்தில் இருக்கிற பெரிய டவரின் சக்தியைக் கூட்டினால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. திருவிழாவில் கோயில் ஒலிபெருக்கி ஊர் முழுக்கக் கேட்கும்; அதற்கு உங்கள் வீட்டுத் திண்ணையில் இருந்து பதில் சொன்னால் ஐயருக்குக் கேட்குமா? டவர் ஒவ்வொரு அன்டெனாவுக்கும் 20, 40 வாட் அனுப்புகிறது. உங்கள் 4ஜி போன் முழு மூச்சாக அனுப்பினாலும் 200 மில்லிவாட், அதாவது ஒரு வாட்டில் ஐந்தில் ஒன்று. "நீங்க பேசுறது கேக்குது, நான் பேசுறது கேக்குதா?" என்ற கேள்வி வருவது இதனால்தான். டவர் கிட்ட வந்தால் மட்டுமே இது தீரும்.

கிட்ட வருவது என்றால் வீடுகளுக்கு நடுவே வருவது. அங்கேதான் ஊர் எதிர்க்கிறது. 50, 60 மீற்றர் உயர இரும்புக் கோபுரம் வாசலுக்கு எதிரே நிற்பதை யாரும் விரும்பமாட்டார்கள். உருவத்தை மாற்றும் யோசனை இப்படித்தான் பிறந்தது. அமெரிக்காவின் டென்வர் நகரில் 1992இலேயே பைன் மர வடிவில் ஒன்றை நிறுத்திவிட்டார்கள். மற்ற நாடுகளில் பனை, கற்றாழை, தேவாலயக் கோபுரம், கொடிக்கம்பம் என்று எத்தனையோ வேடங்கள் வந்துவிட்டன. நம் தாமரைக் கோபுரத்தை இதில் சேர்க்காதீர்கள். 350 மீற்றர் உயரத்தில் நிற்பது ஒளிந்துகொள்ளவில்லை, அலங்காரம் செய்துகொண்டிருக்கிறது!

நம் ஊருக்கு எந்த வேடம் பொருந்தும்? எல்லோர் வாயிலும் முதலில் வருவது தென்னை. தென்னை சரிவராது. அதன் ஓலைகள் அகன்று விரிந்து நடுவில் வெளி விடுபவை. அன்டெனா என்பது ஏறக்குறைய ஓர் ஆள் உயரம், ஒரு முழத்துக்குக் குறைந்த அகலம் உள்ள பெட்டி; அப்படி மூன்று பெட்டி மூன்று திசை பார்த்து நிற்க வேண்டும். தென்னோலைக்குள் அவை துருத்திக்கொண்டு தெரியும். பனை பரவாயில்லை. அதன் தலை உருண்டையாக, அடர்த்தியாக இருக்கும். பெட்டிகள் உள்ளே போய்விடும். பனையும் 25, 30 மீற்றர் வரை வளரும் மரம் என்பதால் உயரமும் உறுத்தாது. மலைநாட்டில் பைன் காடுகள் இருக்கவே இருக்கின்றன, அங்கே பைன் பொருந்தும். ஒன்று மட்டும்: தனியாக நிற்கும் போலி மரம் இரும்புக் கோபுரத்தைவிடக் கேவலமாகத் தெரியும். பக்கத்தில் நிஜ மரங்கள் வேண்டும், அவை இதைவிடச் சில மீற்றர் குட்டையாகவும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த மரங்களே சிக்னலை மறைக்கும்.

ஆனால் என்னைக் கேட்டால் மரமே வேண்டாம், தண்ணீர்த் தாங்கி என்பேன். காரணம், மரத்தின் தலை ஒன்றுதான். முதலில் வருகிற கம்பனி அந்தத் தலையைப் பிடித்துக்கொண்டால் அடுத்த கம்பனி தண்டில்தான் பெட்டியைக் கட்ட வேண்டும், வேடம் கலைந்துவிடும். உங்கள் ஊரில் ஒரு வீட்டில் ஒரு சிம், அடுத்த வீட்டில் வேறு சிம். மூன்று கம்பனிக்கு மூன்று பனை நட முடியுமா? தாங்கி வடிவ உருளைக்குள் மூன்று கம்பனிக்கும் தட்டுத்தட்டாக இடம் ஒதுக்கலாம். பொய்த் தாங்கியாகவே இருக்கலாம். இருக்கிற நிஜத் தாங்கியின் வெளி விளிம்பிலும் பொருத்தலாம். நிஜத் தாங்கி என்றால் அன்டெனா விளிம்புக்கு வெளியே நிற்க வேண்டும். பின்னால் இருக்கிற தண்ணீரை அலை ஊடுருவாது.

இப்போது உறையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வேடம் போட்ட டவர்கள் கெட்டுப்போவது பெரும்பாலும் இதில்தான்.

அன்டெனாவை மூடும் உறையின் சுவரில் உலோகம் துளிகூட இருக்கக்கூடாது. பைபர்கிளாஸ் நல்லது, ஏபிஎஸ் பிளாஸ்டிக்கும் நல்லது. ஊர் வெல்டிங் கடையில் தகரத்தை வளைத்து மூடினால் உள்ளே இருக்கும் அன்டெனா தனக்குத்தானே பேசிக்கொண்டிருக்கும். வீட்டு மாடிகளில் இருக்கிற கறுப்புப் பிளாஸ்டிக் தாங்கியைக் கவிழ்த்துவிட்டால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். அந்தக் கறுப்புக்குக் கார்பன் தூள் கலப்பார்கள்; அது அலையை விழுங்கக்கூடும். அளந்து பார்க்காமல் அதை நம்பக்கூடாது. பைபர்கிளாஸ் என்றாலும் தடிப்பு முக்கியம். 900 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் அலைநீளம் 33 சென்ரிமீற்றர், மெல்லிய உறை அதற்கு ஒரு பொருட்டே இல்லை. 3500 மெகாஹேர்ட்ஸ் 5ஜி அலைக்கு நீளம் எட்டரை சென்ரிமீற்றர்தான். அதே உறை அங்கே அலையைத் தடுக்கத் தொடங்கும். இன்றைக்கு 4ஜிக்குச் செய்யும் உறை நாளைக்கு வரும் அலைக்கும் பொருந்துமா என்று உற்பத்தியாளரிடம் எழுத்தில் கேட்க வேண்டும்.

அடுத்தது பெயின்ட். எல்லாம் சரியாகச் செய்து, கடைசி நாளில் "தாங்கி பளபளவென்று இருக்கட்டும்" என்று வெள்ளி பெயின்ட் அடித்துவிடுவார்கள். வெள்ளி பெயின்டில் அலுமினியத் தூள் இருக்கிறது. தங்க நிறப் பெயின்டிலும் உலோகத் தூள் இருக்கலாம். உறையை உலோகத்தால் போர்த்திய கதைதான். பெயின்ட் டின்னில் உலோகத் தூள் இல்லை என்று உறுதி செய்யாமல் ஒரு பூச்சும் போகக்கூடாது. இரண்டு மூன்று வருடம் கழித்துத் திரும்பப் பெயின்ட் அடிக்கிறவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும், அதனால் உறையின் உள்பக்கத்திலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.

இத்தனை பிடிவாதம் எதற்கு? கணக்கைப் பாருங்கள். சிக்னல் இழப்பை டெசிபல் என்ற அலகில் சொல்வார்கள். தப்பான பெயின்ட் 3 டெசிபல் தின்றுவிட்டது என்று வையுங்கள், சக்தி பாதியாகிறது. கிராமப்புறத்தில் அது எட்டும் தூரத்தை ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைக்கும். தூரம் குறைந்தால் பரப்பளவு அதைவிடக் குறையும்: மூன்றில் ஒரு பங்கு. நூறு வீட்டுக்கு என்று வைத்த டவர், பெயின்டினால் எழுபது வீட்டுக்கும் போதாமல் போகும். இந்த இழப்பு போகும் அலைக்கும் உண்டு, வரும் அலைக்கும் உண்டு. முன்னே சொன்னேனே, அந்த 200 மில்லிவாட் போன், அதன் குரலிலும் இது பாதியைப் பிடுங்கிக்கொள்ளும்.

உறைக்குள் இருக்கும் ஆணி, போல்ட் எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், இல்லாவிட்டால் நைலோன். துருப்பிடித்த போல்ட் பக்கத்தில் நின்றாலே அலைகளைக் கலந்து புதுச் சத்தத்தை உண்டாக்கும். டவரின் காது அதில் அடைத்துப்போகும். மன்னார், முல்லைத்தீவு உப்புக் காற்றில் சாதாரண போல்ட் எவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்கும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. இன்னொன்று சூடு. அன்டெனாவுக்குப் பக்கத்தில் இருக்கும் ரேடியோப் பெட்டிகள் பெரும்பாலும் 55 பாகை வரைக்கும் தாங்கும்படி செய்யப்பட்டவை. காற்றோட்டம் இல்லாத உறைக்குள் மதிய வெயிலில் அது தாண்டிவிடலாம். கீழும் மேலும் காற்று வழி விட்டு, குளவி நுழையாதபடி பிளாஸ்டிக் வலை போட வேண்டும். பெட்டியைக் கீழே இறக்கினால் சூடு தீரும், ஆனால் 30 மீற்றர் கேபிளில் 2 டெசிபல் போல இழப்பீர்கள். போலி ஓலைகள் காற்றைப் பிடிக்கும் என்பதால் அத்திவாரமும் பெரிதாக வேண்டும். 1978 நவம்பர் சூறாவளியில் தென்னைகள் கிடந்த கிடையை மட்டக்களப்பார் மறந்திருக்கமாட்டார்கள்.

ஊர்க் கூட்டத்துக்கு வருவோம். படம் காட்டி ஏமாற்றுகிறார்கள் என்ற பேச்சு வராமல் இருக்க நல்ல வழி பலூன். டவரின் உச்சி வரப்போகும் உயரத்துக்கு நூலை அளந்து கட்டி, காற்றில்லாத விடியற்காலையில் ஒரு மீற்றர் அகலச் சிவப்புப் பலூனை ஏற்றுங்கள். வல்வெட்டித்துறைப் பிள்ளைகளிடம் விட்டால் பட்டத்திலேயே செய்து முடிப்பார்கள், ஆனால் பட்டம் ஒரே இடத்தில் நிற்காதே! கோயில் வாசல், பள்ளிக்கூடம், சந்தி என்று பல இடத்தில் இருந்து பலூனைப் படம் எடுத்து, அந்தப் படத்தின் மேல் தாங்கியை வரைந்து காட்டினால் ஊர் தானே முடிவு எடுக்கும்.

மறைப்பது உருவத்தை மட்டும்தான், இருக்கிறதையே மறைக்கக்கூடாது. தாங்கிக்குள் டவர் இருப்பதைப் பிறகு கண்டுபிடித்தால், உடம்புக்குக் கெடுதல் என்பதால்தான் ஒளித்தார்கள் என்று ஊர் நினைக்கும், அதில் தப்பும் இல்லை. முதல் நாளே சொல்லுங்கள், பலகையும் வையுங்கள். சர்வதேச வழிகாட்டலில் பொதுமக்களுக்கான உச்ச அளவு 900 மெகாஹேர்ட்ஸில் சதுர மீற்றருக்கு 4.5 வாட், 1800இல் 9 வாட். டவர் வருமுன் ஒரு தடவை, வந்த பின் ஒரு தடவை அளந்து பிரதேச சபை வாசலில் ஒட்டச் சொல்லுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2011இல் ரேடியோ அலைகளை 2பி என்ற வகுப்பில், அதாவது புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியம் இருக்கலாம் என்ற வகுப்பில் வைத்தது. அதையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். கூடவே, டவர் தூரத்தில் இருக்கும்போதுதான் காதோரத்துப் போன் முழுச் சக்தியில் அனுப்புகிறது, கிட்ட வந்தால் தானாகக் குறைத்துக்கொள்கிறது என்பதையும் சொல்லுங்கள்.

நேரம் முடியப்போகிறது, காணி ஒப்பந்தத்துக்கு அரை மணி நேரம் வேண்டும் என்று வைத்திருந்தேன். ஓட்டமாகச் சொல்கிறேன். பத்து மீற்றருக்குப் பத்து மீற்றர், ஏறத்தாழ நாலு பேர்ச் போதும். கிரேன் போகிற பாதை வேண்டும், காணி உறுதி சுத்தமாக இருக்க வேண்டும். பைபர் கேபிள் வராத இடம் என்றால் அடுத்த டவருக்கு மைக்ரோவேவ் இணைப்பு, அதாவது கம்பி இல்லாமல் நேர்கோட்டில் போகும் ரேடியோ இணைப்பு. 15 கிகாஹேர்ட்ஸில் 10 கிலோமீற்றர் தூரம் என்றால் நடுவழியில் நேர்கோட்டைச் சுற்றி 7 மீற்றராவது மரம் மட்டை இல்லாமல் இருக்க வேண்டும். ஜெனரேட்டரின் சத்தத்துக்கும் கரண்ட் போனால் பற்றரி எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதற்கும் எண் போட்டு எழுதுங்கள். இடிதாங்கியின் நிலத்தடை, அதாவது மின்னல் மண்ணுக்குள் இறங்குவதற்கு உள்ள தடை, 10 ஓமுக்குள் இருக்கிறதா என்று வருடம் ஒருமுறை அளக்க வேண்டும். வெளிறி உதிரும் பிளாஸ்டிக் ஓலையை யார் பொறுக்குவது, யார் மாற்றுவது? எழுதுங்கள். கம்பனி விட்டுப் போனால் அத்திவாரம் வரை கழற்றி எடுப்பது யார் செலவு? அதையும் எழுதுங்கள், கையெழுத்துப் போடுவதற்கு முதல். அடுத்து செய்தி அறிக்கை. வணக்கம்.