பட்டறிவும் பக்கத்து மேசையும்

அவையோருக்கு வணக்கம்.

பணியிடத்தில் உறவை வளர்ப்பது பற்றிப் பேசச் சொன்னார்கள். இந்தத் தலைப்பில் பேசுகிறவர்கள் வழக்கமாகப் புன்னகையில் ஆரம்பித்து, பிறந்தநாள் வாழ்த்தில் கொண்டுபோய் முடிப்பார்கள். அனுபவத்தைப் பகிர்ந்துகொள்வதில் உறவு எப்படி வளர்கிறது என்று பார்க்க, நான் பழுதுபார்க்கிறவர்களிடமிருந்து ஆரம்பிக்கிறேன்.

1980-களில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வு மையத்தில் ஜூலியன் ஓர் என்ற மானுடவியலாளர் இருந்தார். நகலெடுக்கும் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவர்களோடு கூடவே போய், அவர்கள் வேலையைக் கவனித்தார். நிறுவனம் அவர்களுக்கு ஒரு கையேடு கொடுத்திருந்தது. இந்தப் பிழைக் குறியீடு வந்தால் இதைப் பார், அது சரியாக இருந்தால் அடுத்ததைப் பார் என்று படிப்படியாகப் போகும். ஆனால் இயந்திரம் கையேட்டைப் படித்துவிட்டா பழுதாகிறது? குறியீடு ஒன்றைக் காட்டும், கோளாறு வேறெங்கோ இருக்கும். அப்படிப்பட்ட நேரத்தில் இரண்டு பேர் இயந்திரத்தின் முன்னால் நின்றுகொண்டு, முன்பு தாங்கள் பார்த்த கோளாறுகளைக் கதை கதையாகச் சொல்லிக்கொள்வார்கள். இவர் கதையில் ஒரு துண்டு, அவர் கதையில் ஒரு துண்டு என்று பொருந்திப் பொருந்தி, கடைசியில் கோளாறு பிடிபடும். ஒன்றாகச் சாப்பிட உட்கார்ந்தாலும் இதே பேச்சுதான். தள்ளி நின்று பார்க்கிறவருக்கு வெட்டிப் பேச்சு. ஜூலியன் ஓர் அதை வேலையின் ஒரு பகுதியாகவே பார்த்தார்.

1990-களில் அந்த நிறுவனம், பழுதுபார்ப்பவர்கள் தாங்களே கண்டுபிடித்த தீர்வுகளை எழுதிப் பகிர ஓர் ஏற்பாடு செய்தது. பிரான்சில்தான் முதலில் தொடங்கியது. ஒருவர் எழுதியதைச் சக தொழிலாளர்கள் சரிபார்ப்பார்கள். எழுதியவர் பெயரும் அதனுடன் இருக்கும். பெயர் இருந்ததை நான் முக்கியமாக நினைக்கிறேன். "இது எனக்கு நடந்தது" என்று ஓர் ஆள் முன்னால் வந்து நிற்கிறார். அதை நம்பி இன்னொருவர் திருகாணியைக் கழற்றுகிறார். உறவு என்று நாம் தேடுவது அங்கேயே உருவாகிவிடுகிறது. அதற்குத் தனியாக ஒருநாள் சுற்றுலா வைக்க வேண்டியதில்லை. (சுற்றுலா வைக்கிறவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். தாராளமாக வையுங்கள்.)

நம்மில் பலர் நம் அனுபவத்தை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டுத்தான் அலுவலகத்துக்குள் நுழைகிறோம். ஒருவர் மருத்துவமனை வரவேற்பில் பல வருடம் உட்கார்ந்தவர், இப்போது மென்பொருள் வாடிக்கையாளர் சேவையில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பயந்துபோனவர் எப்படிக் கோபமாகப் பேசுவார் என்பது அந்தக் குழுவில் இவரைவிட யாருக்குத் தெரியும்? ஆனால் கூட்டத்தில் வாய் திறக்க மாட்டார். "அது வேறு துறை" என்று நினைத்துக்கொள்வார். குழந்தை வளர்ப்புக்காக இடைவெளி எடுத்துத் திரும்பியவர்களும் இப்படித்தான். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்கிறோம். வந்து தெரிந்துகொண்டவரைப் பேச விடுகிறோமா?

அதற்காக அனுபவம் சொல்வதெல்லாம் சரி என்று நான் சொல்ல வரவில்லை. அனுபவத்தில் வரும் உள்ளுணர்வை வெகுவாக நம்பிய ஆய்வாளர் கேரி க்ளைன். தீயணைப்பு வீரர்கள் நொடியில் முடிவெடுப்பதை ஆராய்ந்தவர். அந்த உள்ளுணர்வைச் சந்தேகித்தவர் உளவியலாளர் டேனியல் கானமன். இருவரும் சேர்ந்து 2009-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். உள்ளுணர்வை நம்புவதற்கு இரண்டு நிபந்தனைகள் வேண்டும் என்பதில் ஒத்துப்போனார்கள். ஒன்று, அந்தச் சூழலில் ஓர் ஒழுங்கு இருக்க வேண்டும். இரண்டு, நாம் நினைத்தது சரியா தவறா என்பது நமக்குத் திரும்பத் திரும்பத் தெரியவந்து, அதைக் கற்றுக்கொள்ள வாய்ப்பு இருக்க வேண்டும். தீயணைப்பவருக்கு இரண்டும் உண்டு. பங்குகளைத் தேர்ந்தெடுப்பவருக்கு அவ்வளவாக இல்லை.

இதை மனிதர்கள் விஷயத்தில் பொருத்திப் பாருங்கள். "ஆளைப் பார்த்ததும் எடை போட்டுவிடுவேன்" என்கிறார் ஒரு மேலாளர். நேர்காணலில் அவர் வேண்டாம் என்று அனுப்பியவர் வேறிடத்தில் எப்படி வேலை செய்தார் என்று அவருக்கு என்றைக்காவது தெரியவந்ததா? தெரியாமலே அவருடைய நம்பிக்கை மட்டும் வருடத்துக்கு வருடம் வளர்கிறது. ஆகவே நமக்கு என்ன நடந்தது என்பதை நம்பலாம். அதிலிருந்து பிறரைப் பற்றி நாம் எடுத்த முடிவை அவ்வளவு சுலபமாக நம்ப வேண்டாம். "புதிதாக வருகிறவர்களுக்குப் பொறுப்பில்லை" என்பது முடிவு. "போன தடவை கணக்கை ஒப்படைத்தபோது இரண்டு கோப்புகள் விடுபட்டன, யாரிடம் கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை" என்பது நடந்தது. முதலாவதைக் கேட்டவர் வாயை மூடிக்கொள்வார். இரண்டாவதைக் கேட்டவர், "எனக்கும் அப்படி ஆயிற்று" என்று ஆரம்பிப்பார்.

அந்த "எனக்கும்" என்ற இடத்திலும் ஒரு பள்ளம் இருக்கிறது. சமூகவியலாளர் சார்லஸ் டெர்பர் அன்றாட உரையாடல்களை ஆராய்ந்து, பதில் சொல்லும் விதத்தை இரண்டாகப் பிரித்தார்: பேச்சைச் சொன்னவரிடமே நிறுத்துவது, நம் பக்கம் திருப்பிக்கொள்வது. "அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, வேலையில் மனம் ஓடவில்லை" என்கிறார் ஒருவர். "என் அம்மாவுக்கும் இப்படித்தான், நான் பட்ட பாடு இருக்கிறதே..." என்று பத்து நிமிடம் போகிறோம். ஆறுதல் சொன்னதாக நாம் நினைக்கிறோம். அவரோ நமக்கு ஆறுதல் சொல்லிவிட்டு எழுந்து போகிறார்! சொல்லக்கூடாது என்பதில்லை. இரண்டு வரியில் சொல்லி, "உங்களுக்கு இப்போது எது கஷ்டமாக இருக்கிறது?" என்று கேட்டுவிட்டால் பேச்சு அவரிடம் திரும்பிவிடும்.

மேலதிகாரிகளுக்குத் தனியாக ஒன்று. நீங்கள் சொல்லும் அனுபவம் கீழே இருப்பவர் காதில் கட்டளையாக விழும். "நானெல்லாம் அந்தக் காலத்தில் ராத்திரி பகலாக இருந்தேன்" என்று நீங்கள் சும்மா சொன்னாலும், அன்று மாலை யாரும் நேரத்தோடு வீட்டுக்குப் போக மாட்டார்கள். அதனால் கூட்டத்தில் கடைசியாகப் பேசுங்கள். சொல்லும்போது அன்றைய சூழ்நிலையையும் சேர்த்துச் சொல்லுங்கள்: எத்தனை பேர் இருந்தீர்கள், எவ்வளவு அவகாசம் இருந்தது, யார் உதவினார்கள் என்று. எது தனக்குப் பொருந்தும், எது பொருந்தாது என்பதை அவர்களே பிரித்தெடுத்துக்கொள்வார்கள்.

இனி நீங்கள் கேளுங்கள். கேள்வியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, உங்களுக்கு நடந்ததையும் சொல்லலாம்.