விலை ஏறியதால்தான் புத்தகம் பிழைத்தது

நடுவர் ஐயா அவர்களே, எதிரணி நண்பர்களே, சாரலில் நனைந்த குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் செங்கோட்டைப் பெருமக்களே, கணவாய் தாண்டி ஆரியங்காவிலிருந்தும் தென்மலையிலிருந்தும் வந்திருக்கும் நம் சொந்தங்களே, எல்லோருக்கும் வணக்கம்.

தலைப்பு உங்களுக்குத் தெரியும். பழைய காமிக்ஸ் புத்தகங்களுக்கு இன்று விலை எகிறுகிறது. இது புத்தகத்தைக் காக்கிறதா, கெடுக்கிறதா? கெடுக்கிறது என்று எதிரணித் தலைவர் அண்ணாச்சி உருக்கமாகப் பேசினார். காமிக்ஸ் ஹீரோவை வைத்து சினிமா வரப்போகிறது, விலை ஏறும் என்ற பேச்சை நம்பிப் பழைய இதழை வாங்கிக் குவிப்பது சூதாட்டம் என்றார். வாங்கியதைப் பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து ஒட்டிவிடுகிறார்கள், ஒரு பக்கம் புரட்ட முடியுமா என்று கேட்டார். பாசத்தோடு படித்தவன் கையிலிருந்து புத்தகம் பணக்காரன் பெட்டகத்துக்குப் போய்விட்டது என்று சொல்லும்போது அவர் குரலே தழுதழுத்தது. நானும் கைதட்டினேன். தட்டிவிட்டு, மெதுவாகப் பக்கத்தில் போய்க் கேட்டேன்: "அண்ணாச்சி, நீங்கள் சின்ன வயதில் வாங்கிய ராணி காமிக்ஸ் எல்லாம் இப்போது எங்கே இருக்கிறது?"

"வீடு மாறும்போது எடைக்குப் போட்டுவிட்டோம் தம்பி" என்றார்.

நடுவர் ஐயா, நான் இதோடு உட்கார்ந்துவிடலாம். ஆனால் நேரம் கொடுத்திருக்கிறீர்கள், வீணாக்கக் கூடாது.

முதலில் விலை என்றால் எவ்வளவு விலை என்று பார்த்துவிடுவோம். 1938இல் அமெரிக்காவில் 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழ் வந்தது. சூப்பர்மேன் தலைகாட்டியது அதில்தான். விலை பத்து சென்ட். அதன் நல்ல பிரதி ஒன்று 2024 ஏப்ரலில் 60 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. நம் பணத்தில் ஐம்பது கோடி. மறு வருடம் நவம்பரில், 1939இல் வந்த 'சூப்பர்மேன்' முதல் இதழ் அதையும் தூக்கிச் சாப்பிட்டது: 91 லட்சத்து 20 ஆயிரம் டாலர். ஏறத்தாழ எண்பது கோடி. ஸ்பைடர்மேன் முதன்முதலில் வந்த 1962ஆம் வருடத்து இதழ், பன்னிரண்டு சென்ட் புத்தகம், 2021இல் 36 லட்சம் டாலருக்குப் போனது.

ஏன் இவ்வளவு? அந்த 1938 இதழை இரண்டு லட்சம் பிரதி அச்சடித்ததாகச் சொல்கிறார்கள். இன்று மிச்சம் இருப்பவை நூறு தேறினால் அதிகம் என்பது மதிப்பீடு. மற்றதெல்லாம் எங்கே போயிற்று? இரண்டாம் உலகப் போரின்போது வீட்டில் இருக்கும் பழைய காகிதத்தையெல்லாம் கொடுங்கள் என்று அங்கே அரசாங்கமே கேட்டது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் தெருத்தெருவாகப் போய்த் திரட்டினார்கள். தாங்கள் உயிராகப் படித்த காமிக்ஸையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்தார்கள். அதில் தப்பியதைப் பையன் வளர்ந்து வெளியூர் போனதும் அம்மா பார்த்துக்கொண்டாள். உலகத்தில் எந்த நாடாக இருந்தாலும் அம்மா அம்மாதான், இடத்தை அடைக்கிறது என்று ஒரு நாள் தூக்கிப் போட்டுவிடுவாள்.

அந்தப் பிள்ளைகளுக்குப் பாசம் இல்லையா? இருந்தது. படித்துப் படித்தே கிழித்தார்கள். பாசம் புத்தகத்தைப் படிக்கும். பத்திரப்படுத்தும் என்று நம்பாதீர்கள்.

நம் கதைக்கு வருவோம். 1972இல் சிவகாசியில் முத்து காமிக்ஸ் தொடங்கியது. இரும்புக்கை மாயாவி என்றால் இந்த அரங்கில் பாதிப் பேருக்கு முகம் மலர்கிறது, பாருங்கள். 1984இல் லயன் காமிக்ஸ் வந்தது, அதே வருடம் ராணி காமிக்ஸும் வந்தது. சிவகாசி நமக்கு என்ன அமெரிக்காவா? காலையில் பஸ் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம். அப்படிப் பக்கத்தில் அச்சான புத்தகத்தின் பழைய இதழை இன்று தேடிப் பாருங்கள். மூன்று பேர் வீட்டில் கேட்டால் மூன்று பேரும் "எங்களிடம் முழு செட்டும் இருந்தது" என்பார்கள். 'இருந்தது' என்பார்கள்!

நாம் அந்தப் புத்தகங்களை என்ன பாடு படுத்தினோம் என்று யோசித்துப் பாருங்கள். அட்டையில் பால்பாயிண்ட் பேனாவால் பெயர், வகுப்பு, பிரிவு. மேலே பிள்ளையார் சுழி. ஹீரோவுக்கு மீசை. அப்புறம் கோடை விடுமுறையில், பத்திரமாக வைக்கிறோம் என்ற நல்ல எண்ணத்தோடு, பத்துப் புத்தகத்தைச் சேர்த்து பைண்டிங் கடையில் கொடுப்போம். அவர் அட்டையைக் கிழித்து எறிந்துவிட்டு, முதுகில் ஊசியால் துளை போட்டுத் தைத்து, மூன்று பக்கமும் கத்தி வைத்து ஒரே சீராக வெட்டித் தருவார். வெட்டியதில் படத்தின் ஓரமும் போயிருக்கும், கடைசி வரி வசனத்தில் பாதியும் போயிருக்கும். அதற்கும் தப்பியதை நம் ஊர்ச் சாரல் பார்த்துக்கொள்ளும். ஆனி ஆடி வந்தால் கணவாய்க் காற்றில் சுவரே வேர்க்கிற ஊர் இது. புத்தகத்தின் நடுவில் இரண்டு ஸ்டேபிள் பின் இருக்குமே, அது முதலில் துருப்பிடிக்கும். துரு காகிதத்தில் இறங்கி, பின்னைச் சுற்றிப் பழுப்பாக ஒரு வட்டம் விழும். அடுத்த சீசனில் அந்த வட்டம் பொடிந்து, நடுப்பக்கம் தனியாகக் கையோடு வரும். கடைசியில் இராமபாணப் பூச்சி வந்து கணக்கை முடிக்கும்.

இதையெல்லாம் தாண்டி ஒரு புத்தகம் புதுசு மாதிரி நிற்கிறது என்றால் அதற்கு மதிப்புப் போட வேண்டாமா? அதைத்தான் தரச்சான்று என்கிறார்கள். 2000இல் அமெரிக்காவில் சி.ஜி.சி. என்ற நிறுவனம் இதைத் தொடங்கியது. பத்துக்கு இவ்வளவு என்று மார்க். முதுகில் நகக்கண் அளவு மடிப்பு இருந்தாலும் மார்க் குறையும், பின்னில் துரு இருந்தாலும் குறையும். மார்க் போட்டு, தெளிந்த பிளாஸ்டிக்கில் அடைத்துத் தருவார்கள். அண்ணாச்சிக்குக் கோபம் வருவது இந்தப் பெட்டியின் மேல்தான்.

அண்ணாச்சி, படிக்க வேண்டுமா? மறுபதிப்பு வாங்கிப் படியுங்கள். சூப்பர்மேனின் முதல் கதையை எத்தனையோ தடவை மறுபதிப்பு செய்துவிட்டார்கள். இரும்புக்கை மாயாவியும் மறுபதிப்பில் வந்தாயிற்று. கதை எங்கேயும் போகவில்லை. பெட்டிக்குள் இருப்பது அந்தக் காலத்துக் காகிதம், அந்தக் காலத்து மை, பின்னட்டையில் அந்தக் காலத்து விளம்பரம். அதைத் தினமும் புரட்டினால்தான் திருப்தி என்றால், பத்து வருடத்தில் புரட்ட ஒன்றும் இருக்காது. பெட்டியிலும் மோசடி நடக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். திறந்த தடம் தெரியாதபடி பெட்டியைத் திறந்து, மட்டமான பிரதியை நல்ல மார்க் பெட்டியில் மாற்றி வைத்து விற்றது 2023 கடைசியில் வெளியே வந்து பெரிய பேச்சானது. கள்ள நோட்டு இருக்கிறது என்பதற்காக நாம் யாரும் சம்பளம் வேண்டாம் என்று சொல்லவில்லையே?

இப்போது சினிமாவுக்கு வருகிறேன். இதில்தான் எதிரணி ரொம்ப நேரம் நின்றது. க்ரூட் என்று ஒரு நடக்கும் மரம், ராக்கெட் என்று ஒரு ரக்கூன். இன்று குழந்தைகள் பையில் எல்லாம் அந்தப் படம்தான். ஆனால் க்ரூட் முதலில் வந்தது 1960இல், ஒரு இதழில் வில்லனாக. ராக்கெட் வந்தது 1976இல். பல வருடம் அந்த இதழ்களைப் பெரிதாகச் சீண்ட ஆள் இல்லை. 2012இல் படம் எடுக்கப்போகிறோம் என்று அறிவித்தார்கள், 2014இல் 'கார்டியன்ஸ் ஆஃப் தி கேலக்ஸி' வந்தது. உடனே பெட்டி பெட்டியாக எல்லோரும் தேடினார்கள். குப்பைக்குப் போக இருந்த இதழ் உறைக்குள் ஏறியது. தேடியவனுக்கு ஆசை பணத்தின் மேல்தான், நான் மறுக்கவில்லை. தப்பித்தது புத்தகம்.

சரி, படம் ஓடவில்லை என்றால்? 'எடர்னல்ஸ்' என்று 1976இல் ஒரு தொடர் வந்தது. 2021இல் படம் வருகிறது என்றதும் முதல் இதழ் விலை ஏறியது. படம் வந்து சுரத்தில்லாமல் போனதும் இறங்கியது. மேலே வாங்கியவனுக்குக் கை சுட்டது. இதைச் சொல்லித்தான் அண்ணாச்சி, கேரளத்து ஆரியங்காவுக்குப் போய் லாட்டரி வாங்குவது மாதிரி என்றார். 2003இல் தமிழ்நாட்டில் லாட்டரியை நிறுத்தியதிலிருந்து நம் ஊரில் யார் யார் சாயங்காலம் புளியரை தாண்டிப் போகிறார்கள் என்று எனக்கும் தெரியும், அண்ணாச்சிக்கு இன்னும் நன்றாகத் தெரியும். ஓணம் பம்பர் சீட்டு 500 ரூபாய். குலுக்கல் முடிந்து நம்பர் விழவில்லை என்றால் அந்தச் சீட்டு பஸ் ஸ்டாண்டில் காலடியில் கிடக்கும். படம் ஊத்திக்கொண்ட பிறகு அந்த 1976 இதழ் என்ன ஆனது? உறைக்குள்ளேயே இருக்கிறது. வரைந்தவர் கோடு அப்படியே இருக்கிறது. நஷ்டம் வாங்கின ஆளுக்கு, லாபம் புத்தகத்துக்கு. இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

எதிரணித் தங்கை ஒருவர் நல்ல கேள்வி கேட்டார். தொண்ணூறுகளில் இதே விலை மோகத்தால் காமிக்ஸ் தொழிலே படுத்ததே என்றார். உண்மை. 1991இல் 'எக்ஸ்-மென்' முதல் இதழ் 80 லட்சம் பிரதிக்கு மேல் போனது. 1992இல் சூப்பர்மேன் சாகிற இதழைக் கறுப்புப் பையில் போட்டு ஒட்டி விற்றார்கள், ஆளுக்கு நாலு வாங்கிப் பரணில் வைத்தார்கள். பிறகு சரிந்தது, கடைகள் மூடின, 1996 டிசம்பரில் மார்வெல் கம்பெனியே திவால் மனு கொடுத்தது. ஆனால் தங்கச்சி, அது புதுப் புத்தகத்தை மூட்டை மூட்டையாக அச்சடித்து விற்ற பேராசை. எல்லோரும் பத்திரமாக வைத்த புத்தகத்துக்கு விலை எப்படி வரும்? நாம் பேசுவது மிஞ்சிப்போன பழைய பிரதிகளைப் பற்றி. அதை இனி எவனும் கூடுதலாக அச்சடிக்க முடியாது.

விலை எப்படிக் காவல் இருக்கும் என்பதற்கு ஒரு திருட்டுக் கதை சொல்கிறேன். ஹாலிவுட் நடிகர் நிக்கோலஸ் கேஜ் அந்த 1938 இதழ் ஒன்றை வைத்திருந்தார். 2000இல் அவர் வீட்டிலிருந்து திருடு போய்விட்டது. பதினோரு வருடம் கழித்து ஒரு வாடகைக் கிடங்கில் கிடைத்தது. மார்க் எவ்வளவு தெரியுமா? பத்துக்கு 9. திருட்டுச் சொத்து போயிருந்த இடத்திலும் பத்திரமாக இருந்திருக்கிறது, நடுவர் ஐயா! நம் வீட்டு ராணி காமிக்ஸ் சொந்தக்காரன் கையிலேயே தப்பவில்லை.

"கொலராடோவில் ஒரு ஓவியர் பணத்துக்காகவா சேர்த்தார்?" என்று அண்ணாச்சி குறுக்கே கேட்கிறார். எட்கர் சர்ச் என்பவரைச் சொல்கிறார். சரியான ஆள். ஆயிரக்கணக்கான காமிக்ஸை வீட்டில் அடுக்கி வைத்திருந்தார், உலர்ந்த மலைக் காற்று, புதுசு மாதிரியே இருந்தன. அவர் சேர்த்தது ஆசையால்தான். ஆனால் 1977இல் குடும்பத்தார் வீட்டைக் காலி செய்தபோது அவை குப்பைக்குப் போகவில்லை, ஒரு காமிக்ஸ் வியாபாரியிடம் போயின. ஏன்? அதற்குள் இதை விலைக்கு வாங்க ஆள் இருக்கிறது என்று ஆகியிருந்தது. சேர்த்தவர் காலத்தோடு ஆசை முடிந்துவிடும், அண்ணாச்சி. பிள்ளைகளுக்கு அதே ஆசை இருக்க வேண்டும் என்று சட்டமா?

நம் தமிழிலேயே பாருங்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா, விளம்பரப் பலகை எழுதுகிற ஓவியர், வாழ்நாள் முழுக்கப் பழைய புத்தகங்களைச் சேர்த்தார். அவர் காலத்துக்குப் பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை விலை கொடுத்து வாங்கியது. சென்னையில் இன்று நூலகமாக இருக்கிறது.

இன்னும் பக்கத்தில் வாருங்கள். நம் தென்காசி மாவட்டம், சங்கரன்கோவில் போகிற வழி, கரிவலம்வந்தநல்லூர். அந்தக் கோயிலில் வரகுணபாண்டியன் ஏடுகள் இருக்கின்றன என்று கேள்விப்பட்டு உ.வே.சா. தேடி வந்தார். அங்கே என்ன பதில் கிடைத்தது என்று அவரே எழுதியிருக்கிறார். பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத் தீயில் போட்டுவிட்டார்களாம். கோபத்தில் இல்லை, அலட்சியத்தில் கூட இல்லை. அதுதான் முறை என்று நம்பி, மரியாதையோடு செய்தார்கள். பாசம் இருந்தது, பக்தி இருந்தது. வாசலில் ஒருவன் வந்து "ஓலை ஒன்றுக்கு ஒரு ரூபாய் தருகிறேன்" என்று நின்றிருந்தால், அந்தத் தீ எரிந்திருக்குமா என்று யோசித்துப் பாருங்கள்.

மணி அடித்துவிட்டார்கள். ஒரே ஒரு நிமிடம், ஐயா. அந்த 1939 சூப்பர்மேன் இதழ் எங்கே இருந்தது என்று நான் சொல்லவில்லை. கலிபோர்னியாவில் மூன்று சகோதரர்கள், இறந்துபோன அம்மாவின் பரணில், பழைய செய்தித்தாள் கட்டுக்கு அடியில் கண்டெடுத்தார்கள். இங்கே ஆட்கள் செருப்பைத் தேடுவதைப் பார்த்தால், எல்லோருக்கும் வீட்டுப் பரண் ஞாபகம் வந்துவிட்டது போலிருக்கிறது. முன்வரிசையில் அண்ணாச்சி, எடைக்குப் போட்ட கடைக்கு போன் பண்ணிக்கொண்டிருக்கிறார். அது பாசத்தில் பண்ணுகிற போன்தான் என்று எதிரணி நிரூபித்தால், தீர்ப்பை அவர்களுக்கே கொடுத்துவிடுங்கள். நன்றி, வணக்கம்.