பழைய கிண்டில் சார்ஜ் ஏறுது, கம்ப்யூட்டர்ல டிரைவ் வரல: என்ன செய்யணும்?

அடுத்த கேள்வி, அமேசானோட மின்புத்தகம் படிக்கிற கருவியான கிண்டில் பத்தி. "மைக்ரோ யுஎஸ்பி போர்ட் இருக்கிற பழைய கிண்டில் பேப்பர்வைட். விண்டோஸ் கம்ப்யூட்டர்ல சொருகினா சார்ஜ் ஏறுது, டிரைவ் வரல. டிரைவர் சாஃப்ட்வேர் போடணுமா?"

ஒண்ணும் போட வேணாம்ங்க. அந்த மாடலெல்லாம் பென் டிரைவ் மாதிரி தானா வந்து நிக்கும். எனக்குச் சந்தேகம் கேபிள் மேலதான். டேட்டா கேபிளுக்குள்ள நாலு கம்பி: ரெண்டு கரண்டுக்கு, ரெண்டு டேட்டாவுக்கு. டிரிம்மர், ஹெட்செட் கூட வர்ற கேபிள் நிறையத்துல அந்த டேட்டா கம்பியே இருக்காது. வெளிய பாத்தா வித்தியாசம் தெரியாது. கிண்டில் ஸ்கிரீனைப் பாருங்க, அதுவே சொல்லிடும். டேட்டா இணைஞ்சா 'யுஎஸ்பி டிரைவ் மோட்'னு வந்து, படிக்க விடாது. சொருகின பிறகும் பக்கம் திருப்ப முடியுதா? அப்ப வெறும் சார்ஜ்தான்.

கேபிள் மாத்தியும் வரலைன்னா, பாஸ்கோட் போட்டிருக்கீங்களான்னு பாருங்க. அதை அடிச்சுத் திறந்தாதான் டிரைவ் தெரியும். ஒரு போர்ட்டைப் பலதா பிரிக்கிற யுஎஸ்பி ஹப்ல சொருகாதீங்க, டெஸ்க்டாப்னா பின்பக்க போர்ட்ல நேரா சொருகுங்க. அதுக்கும் மசியலைன்னா பவர் பட்டனை 40 செகண்ட் அமுக்கிப் பிடிங்க, ரீஸ்டார்ட் ஆகும். புத்தகம் எதுவும் போகாது. ஸ்கிரீன்ல டிரைவ் மோட் வருது, விண்டோஸ்ல மட்டும் காணோம்னா, விண்டோஸோட 'டிஸ்க் மேனேஜ்மென்ட்'ல போய் அதுக்கு E, F மாதிரி ஒரு டிரைவ் எழுத்து கொடுங்க.

டிரைவ் வந்துட்டா, 'டாக்குமென்ட்ஸ்' ஃபோல்டர்ல ஃபைலைப் போடுங்க. இங்கதான் பலரும் மாட்டிக்குவாங்க. ஈபப் (EPUB)ங்கிற மின்புத்தக ஃபைலைக் கேபிள் வழியா போட்டா லைப்ரரில வரவே வராது. கிண்டிலோட மெயில் முகவரிக்கு அனுப்பினா வருதேம்பீங்க. அது அமேசான் சர்வர் மாத்திக் கொடுக்கிறதால. கேபிள்ல மாத்தித் தர ஆளில்லை. காலிபர்ங்கிற (Calibre) இலவச கம்ப்யூட்டர் சாஃப்ட்வேர்ல, கிண்டிலுக்குப் புரியுற ஏஇசட்டபிள்யூ3 (AZW3) ஃபைலா மாத்திட்டுப் போடுங்க. பிடிஎஃப் அப்படியே போகும், ஆனா ஏ4 பக்கம் அந்தச் சின்ன ஸ்கிரீன்ல எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும். அமேசான் கிண்டில் ஸ்டோர்ல வாங்கின புத்தகத்தைக் கம்ப்யூட்டர்ல இறக்கிக் கேபிள்ல ஏத்தற வசதியை அமேசான் 2025 பிப்ரவரி 26-ஓட எடுத்துட்டாங்க. அதுக்கு வைஃபைதான்.

நூறு புத்தகத்தை ஒரே தடவை கொட்டாதீங்க. உள்ள இருக்கிற சொல்லைத் தேடறதுக்காக கிண்டில் ஒவ்வொண்ணா இண்டெக்ஸ் பண்ணும், அதுவரைக்கும் திணறும், பேட்டரியும் இறங்கும். பத்துப் பத்தா போடுங்க. முடிஞ்சதும் கம்ப்யூட்டர்ல 'இஜெக்ட்' கொடுக்காம கேபிளை உருவிடாதீங்க. ஃபைல் பாதில நின்னா, பேரு மட்டும் தெரியும், புத்தகம் திறக்காது.