பாடம் தெரியாத அம்மாவும் பிள்ளையைப் படிக்க வைக்கலாம்

வணக்கம் உறவுகளே. இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டப் பக்கம், ஹட்டனில் இருந்து பேசுகிறேன். பாடசாலை மூடிக் கிடக்கிற நாட்களில் தரம் 9, 10, 11 பிள்ளைகள் போனில் படிக்கிறார்களே, அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வேண்டும். குறிப்பாக அப்பா அம்மாமாரிடம்.

2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகளை மூடி, ஊரடங்கும் போட்டார்கள். ஆனால் தோட்ட வேலை நிற்கவில்லை. நம்ம அம்மாமார் கொழுந்தெடுக்க மலைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். அப்படியானால் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ள யார் இருந்தது? டிவியில் பாடம் போனது, கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ இணையத்தளம் இருந்தது. நம்ம லயங்களுக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, வந்தது பெரும்பாலும் டீச்சர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய நோட்ஸ் படமும் வாய்ஸ் மெசேஜும்தான். அதைப் பார்க்கவும் வீட்டுக்கு ஒரு போன், அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும்.

2021இல் பதுளை மாவட்டத்துப் பொஹிட்டியாவ கிராமம் செய்திகளில் வந்தது, ஞாபகம் இருக்கிறதா? சிக்னலுக்காகப் பிள்ளைகள் காட்டு வழியே நடந்து, பாறை மேல் ஏறிப் படித்தார்கள். சிறுத்தை, யானை நடமாடுகிற இடம். லுணுகலைப் பக்கம் மலை உச்சியில் மரத்தின் மேல் கட்டியிருந்த குடிலுக்குப் பெரியவர்களே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனார்கள். பாடம் நடத்தத் தெரிய வேண்டிய வேலையா அது? துணைக்குப் போனார்கள், அவ்வளவுதான். நான் சொல்ல வருவதும் அந்தத் துணையைத்தான்.

இந்த வயதுப் பிள்ளைகளிடம் அதிகாரம் செல்லாது. எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரையன் என்ற இரண்டு உளவியலாளர்கள், மனிதனுக்கு உள்ளிருந்து ஆர்வம் வர மூன்று விஷயங்கள் வேண்டும் என்கிறார்கள்: தானாக முடிவெடுக்க இடம், தன்னால் முடியும் என்கிற நம்பிக்கை, நமக்கென்று ஆட்கள் இருக்கிறார்கள் என்கிற உணர்வு. போனைப் பிடுங்கிப் பிடுங்கிப் பார்த்தால் பிள்ளை சூமில் உட்காருவான், சரி. மனசு உட்காராது.

பெண் பிள்ளைகள் விஷயத்தில்தான் எனக்குக் கோபமே வருகிறது. "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு போன்?" என்று ஒரு பக்கம் சந்தேகம். இன்னொரு பக்கம் தண்ணீர் பிடி, சோறு ஆக்கு, தம்பியைப் பார் என்று வேலை. அவள் அடுப்படியில் நிற்கும்போது போனில் கணக்குப் பாடம் காம்பரா அறைக்குள் தனியாக ஓடிக்கொண்டிருக்கும். அண்ணனுக்கு இந்த வேலை எதுவும் இல்லை. அந்த ஒரு மணி நேரம் அவனைத் தண்ணீர் பிடிக்கச் சொல்லுங்கள். டேட்டா போட்டுக் கொடுப்பதைவிடப் பெரிய உதவி அது.

2021 ஜூலையில் சம்பளப் பிரச்சினைக்காக ஆசிரியர்கள் இணையவழி வகுப்பை நிறுத்திப் போராடினார்கள். அவர்கள் கோரிக்கையில் நியாயம் இருந்தது. ஆனால் மாதக்கணக்கில் வகுப்பு இல்லாதபோது, "இன்னைக்கு எதைப் பார்த்த?" என்று கேட்க வீட்டு ஆள்தான் மிச்சம். அந்தக் கேள்வியும் இல்லாத வீடுகளில் பல பையன்கள் கடைக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். பிறகு அவர்களைத் திரும்ப வகுப்புக்குக் கொண்டுவருவது லேசாக இல்லை.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலில் மண் சரிந்து, மறுபடி பாடசாலைகள் மூடின. இனியும் மூடலாம். அதனால் அம்மா, வேலை முடிந்து வந்து பிளேன்டீ குடிக்கிற நேரத்தில் "எத்தன மணி நேரம் படிச்ச?" என்று கேட்காதீர்கள். "எது விளங்கல?" என்று கேளுங்கள். விளங்காததைச் சொன்னால் ஏசாதீர்கள். அந்த நிமிஷமே டீச்சருக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் போடச் சொல்லிப் பக்கத்தில் இருங்கள். உங்களுக்கு அந்தப் பாடம் தெரியாவிட்டால் என்ன? பிள்ளை உங்களுக்கே சொல்லித் தரட்டும், சொல்லும்போதுதான் எங்கே தடுக்கிறது என்று அதற்கே தெரியும்.

கொரோனா காலத்தில் ஓ.எல். (தரம் 11 பரீட்சை) எழுதிய தம்பி தங்கச்சிமார் இதைப் பார்த்தால், வீட்டில் யார் உங்களுக்காக நேரம் ஒதுக்கித் தந்தார்கள் என்று எழுதுங்கள். அடுத்த வீடியோவில் வாசிக்கிறேன்.